இந்த வருஷம் லீவு பொருந்திவிட்டது

“பொருந்திடுச்சு! இந்த வருஷம் லீவு பொருந்திடுச்சு!”

மடிக்கணினியைக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு கணவன் படுக்கையறைக்குள் வந்தபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பள்ளிச் சட்டை பாதி மடிப்பில் அப்படியே நின்றது.

அவளுடைய அக்கா இருப்பது வெளிநாட்டில். அங்கே பள்ளிக்கூடம் மூடினால் இங்கே திறப்பார்கள். இங்கே மூடினால் அங்கே பரீட்சை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து இருந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அக்கா வீட்டில், அவளுடைய சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில்.

கணவன் விடுகிற ஆளில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது. வருஷா வருஷம் இரண்டு பள்ளிகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். வருஷா வருஷம் இடிக்கும்.

உடனே அவள் அக்காவுக்கு போன் போட்டு, “என்னக்கா பண்றது, நம்ம தலையெழுத்து” என்று மூக்கை உறிஞ்சுவாள். அக்காவும் அந்தப் பக்கம் உறிஞ்சுவாள்.

போனை வைத்த கையோடு தேநீர் போட்டுக் குடிப்பாள். அந்தத் தேநீர் மட்டும் எப்படியோ அவ்வளவு ருசியாக இருக்கும்.

இப்போது பிள்ளைகளின் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை, யாரைக் கேட்டாரோ, விடுமுறையை இரண்டு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்.

“இரு, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு டிக்கெட் போட்டுடறேன்,” என்றான் கணவன்.

“அப்புறமா…” என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்து, அக்காவின் முகம் திரைக்கு வந்துவிட்டது.

கணவன் விஷயத்தைச் சொன்னான். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்த வேகத்தில் பாதியிலேயே நின்றது.

“ஐயோ… இங்க இந்த வருஷம் லீவைத் தள்ளி வச்சுட்டாங்களே!”

தங்கைக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. மூக்கை உறிஞ்சத் தயாரானாள்.

அப்போது அக்காவின் மகள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

“யாரும்மா தள்ளி வச்சது? அதே தேதிதானே. ஹாய் சித்தி!”

அக்கா வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி, ஆடாமல் அசையாமல் இருந்தாள்.

“அடச்சே, ஸ்டக் ஆயிடுச்சு,” என்றான் கணவன். அணைத்துப் போட்டால் சரியாகாத சாமான் உலகத்தில் கிடையாது என்பது அவன் கட்சி. மோடத்தைத் தேடிக் கூடத்துக்கு ஓடினான்.

அவள் திரையையே பார்த்தாள். அக்கா உறைந்திருந்தாள். அக்காவின் தலைக்கு மேல் மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் இன்னும் துவட்டி முடிக்கவில்லை.

நடிக்கிறாள்.

அப்படியென்றால் இத்தனை வருஷமும் அக்காவும் போனை வைத்துவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறாள்!

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. நான் இவளை வேண்டாமென்று நினைக்கலாம். இவள் எப்படி என்னை வேண்டாமென்று நினைக்கலாம்?

அதற்குள் அக்காவின் உதட்டோரம் துடித்தது. சின்ன வயதில் சிலை விளையாட்டில் தோற்கும்போதும் முதலில் அங்கேதான் துடிக்கும். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் துண்டோடு நழுவினாள்.

“நீங்க வந்துட்டுப் போனா ஒரு மாசம் சுவரைத் தொடைக்கணும்டி,” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உன் பையன் போட்ட பேனாக் கோடு இன்னும் போகல.”

“மத்தியானம் நான் படுத்தப்புறம், நான் கழுவி வச்ச பாத்திரத்தையெல்லாம் நீ எதுக்குக்கா மறுபடியும் கழுவுன?”

கேட்டுவிட்டாள். ஒன்பது வருஷமாக வயிற்றுக்குள் கிடந்தது தானாக வெளியே வந்து விழுந்துவிட்டது. அன்று தண்ணீர் குடிக்க எழுந்து போனவள், அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா. அவள் தேய்த்துக் கவிழ்த்திருந்த அதே தட்டை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் முழங்கை. தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து படுத்துக்கொண்டாள்.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

“போதும்க்கா, நடிக்காத.”

மின்விசிறியும் நின்றிருந்தது.

“ஆஃப் பண்ணிட்டேன்! ரெண்டே நிமிஷம்!” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்கு அந்த இரண்டு நிமிஷம் பொறுக்கவில்லை. கைபேசியை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடியும் கூப்பிட்டாள். பிஸி. இந்த நேரத்தில் எவளோடு பேசுகிறாள் என்று பல்லைக் கடித்தபோதுதான் உறைத்தது, அக்கா கூப்பிட்டுக்கொண்டிருப்பது தன்னைத்தான் என்று.

கைபேசியைத் துணிக்குவியல் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அடித்தது.

அக்கா ஹலோகூடச் சொல்லவில்லை.

“சோப்பே போகலடி அதுல!”

கணவன் அறை வாசலில் வந்து நின்றான். அவள் பதிலுக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே, டிக்கெட்டைப் போடும்படி அவனுக்குக் கையைக் காட்டினாள்.

இது போனில் முடிகிற சண்டை இல்லை.