சீனி கேட்காத இடம்

"நீங்கள் களைச்சுப் போனது சீனி வருத்தத்தால இல்லை, அதைப் பற்றி எல்லாரும் கேக்கிறதாலதான்," என்றார் வெள்ளவத்தை உளவள ஆலோசகர் அருந்ததி. "ஒருத்தரும் கேக்காத இடத்தில ஒரு நாள் இருந்து பாருங்கோ."

நீரிழிவுக்காரனான எனக்கு எங்கே அப்படி ஓர் இடம்? பக்கத்து வீட்டுக்காரர்கூட என் சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்.

மறுநாள் காலை, டொக்டர் சொன்ன நடைக்குப் போன வழியிலேயே இடம் கிடைத்தது. வெறுந்தரையில் உட்கார்ந்தேன். சீனி போட்ட தேநீர் தந்தார்கள். பக்கத்திலிருந்தவர் தன் சீனிப் பணிசில் பாதியை நீட்டினார். பாவற்காயின் பெருமையை யாரும் பேசவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகக் குறட்டை விட்டேன்.

மாலையில் மனைவி சிவக்கொழுந்து, நான் மறந்துவிட்டுப் போன அடையாள அட்டையோடு அழுதபடி வந்து நின்றாள்.

"ஹரி, யன்ன," என்று சிங்களத்தில் போகச் சொல்லிப் பொலிஸ்காரர் கூட்டின் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். அடையாள அட்டை இல்லாமல் காலைச் சுற்றிவளைப்பில் என்னோடு பிடிபட்ட மற்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

தெருவுக்கு வந்ததும் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்க என்ன சாப்பிட்டனீங்கள்?"

பொலிஸார் கேட்ட அத்தனை கேள்விக்கும் உண்மையே சொல்லியிருந்தேன்.

"வெறும் தண்ணி," என்றேன்.