மாமியார் கழுத்தில் அது

"அத்தை, அந்தச் செயின் உங்க டிரஸ்ஸுக்கு எடுப்பா இல்ல. கழட்டிட்டு முத்து மாலையைப் போட்டுக்கங்களேன்."

மருமகள் சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கை மட்டும் முத்து மாலையை நீட்டிக்கொண்டே இருந்தது.

நல்லாத்தானே இருக்கு என்று கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மாமியார் காரில் ஏறிவிட்டார். இன்று அவருக்குப் பணி ஓய்வு விழா. வரி அலுவலகத்தில் இருந்துகொண்டு பெரிய பெரிய முதலாளிகளையே வியர்க்க வைத்தவர். அப்படிப்பட்டவர் கழுத்தில் விரல் நீளத்துக்கு மினுமினுத்த வெள்ளிப் பதக்கம் உண்மையில் பதக்கமே இல்லை. வைப்ரேட்டர்.

பெண்கள் தனிமைச் சுகத்துக்கு வாங்கிப் படுக்கையறையில் ஒளித்து வைக்கிற சங்கதியைச் செயினில் கோத்து நகையாக விற்கிறார்கள். மருமகளும் போன மாதம் ஒன்று வாங்கினாள். ஆபீசுக்குத் தினமும் அதைப் போட்டுக்கொண்டு போய், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, தலைவலி மாத்திரையை மறைத்தா வாங்குகிறோம் என்று சக ஊழியர்களுக்கு வகுப்பே எடுப்பாள். வீடு நெருங்கியதும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடுவாள். அவள் வீரமெல்லாம் தெருமுனை வரைதான்.

நேற்று அதை எங்கே வைத்தாள் என்றே ஞாபகமில்லை. இன்று காலை பார்த்தால் மாமியார் கழுத்தில். பாவம், நகை என்று நினைத்து மாட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இப்போதுதான் சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். அது என்னவென்று தெரிந்துவிட்டால் இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

காரை ஓட்டிக்கொண்டே, கொக்கி லூசாக இருக்கிறது என்றாள். வெள்ளி சிலருக்கு அரிக்கும் என்றாள். மாமியார் எதற்கும் மசியவில்லை.

"உனக்கென்னம்மா இந்தச் செயின் மேல இவ்வளவு கண்ணு?"

மருமகள் சட்டென்று ரேடியோவைப் போட்டாள்.

விழா நன்றாகத்தான் போனது. மாமியார் நன்றி சொல்ல எழுந்து, கொஞ்சம் முன்னால் குனிந்தார். பதக்கம் மைக்கில் இடித்து, அதன் ஸ்விட்ச் அழுந்திவிட்டது. ட்ர்ர்ர் என்று ஹால் முழுக்க ஒரே அதிர்வு. முன் வரிசையில் இருந்த மருமகளுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

மாமியார் அசரவில்லை. பதக்கத்தைக் கையால் பொத்தி லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். சத்தம் நின்றது.

"எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க," என்றார் கறாராக.

ஹாலில் இருந்த அதிகாரிகள் அத்தனை பேரும் பயந்துபோய்ப் பாக்கெட்டுக்குள் கையை விட்டார்கள்.

திரும்பும் வழியில் மருமகளால் தாங்க முடியவில்லை. காரை ஓரங்கட்டினாள். அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க அத்தை. முதல்லயே சொல்லியிருக்கணும். அது என்னோடது. அது நகை இல்ல, அது வந்து..."

மாமியார் அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"உன்னோடது பாத்ரூம் ஜன்னல்ல இருக்கு, காலையில பார்த்தேன். இது நான் வாங்கி ரெண்டு வருஷமாச்சு," என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, உன்னோட புது மாடல்ல சத்தம் கம்மியா?"