வெறும் கட்டன்சாயா

"இன்னைக்கும் வெறும் கட்டன்சாயாதான்" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"செபமாலைக்குப் போனீங்களா, பலகாரத்துக்குப் போனீங்களா அத்தை?" என்றாள் மருமகள் ஜிஸ்மி.

இரண்டுக்கும்தான். அதை எப்படிச் சொல்வது?

அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் தினம் சாயங்காலம் ஒரு வீட்டில் செபமாலை. முடிந்ததும் பழம்பொரி, சுண்டல் என்று அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் எட்டு நாளாகப் பால் விடாத கட்டன்சாயாவைத் தவிர ஒரு வீட்டிலும் ஒன்றுமில்லை.

"எல்லாருக்கும் மனசு சுருங்கிப் போச்சு, ஜிஸ்மி."

"உங்களுக்குச் சுருங்க வேண்டியது ஈரல். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ நான். நாலு படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேசன் செய்தால்தான் இருதயம் தாங்கும் என்று கோட்டயத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் இரண்டு வாரம் மோர், சூப்பு, பொடி கரைத்த பால் மட்டும்.

"ஈரல்ல கொழுப்பு குறையலேன்னா கத்தி வைக்க மாட்டேன். திருப்பி அனுப்பிடுவேன்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். வயிற்றுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம். ஆபரேசன் முடிந்தால் அவையும் மாறுமாம், அதுவும் உடம்புக்கு நல்லதாம். எனக்கு வசதியாகப் போயிற்று.

"வடை கேக்கறது நான் இல்லைங்க, கிருமிதான்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"அப்போ முப்பத்தஞ்சு வருஷமா நான் கிருமியோடதான் குடும்பம் நடத்துறேனா?" என்றார் அவர்.

அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. தின்றே கத்திவரைக்கும் வந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்ல? கண் ஆபரேசன் என்று சொல்லி வைத்திருந்தேன். படுக்கப் போகும்போது மட்டும், "ஆண்டவரே, இந்த லயத்துச் சனங்களுக்குக் கொஞ்சம் பெரிய மனசைக் கொடும்" என்று தவறாமல் வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டு முறை. தாராளம் என்றால் என்னவென்று காட்டிவிட வேண்டாமா? மத்தியானமே உளுந்தை ஆட்டி வைத்தேன்.

"வேண்டாம் அத்தை. யாரும் தின்ன மாட்டாங்க."

"ஏன் தின்ன மாட்டாங்க?"

ஜிஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கும் அவங்க கஞ்சத்தனம் ஒட்டிக்கிச்சு" என்றேன்.

செபமாலை முடிந்தது. ஆவி பறக்கும் வடைத் தட்டோடு வந்தேன். முதலில் பக்கத்து வீட்டுச் செபமாலையம்மாள்.

"வேண்டாங்க்கா."

அடுத்து முத்துப்பேச்சி. அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். வருஷா வருஷம் பலகாரத்துக்கென்றே செபமாலைக்கு வருகிறவள்.

"எனக்கும் வேண்டாம் மயினி."

"நீயா சொல்லுதே?"

அவள் புருசன் காளிச்சாமி வடையைப் பார்த்தார், எச்சில் விழுங்கினார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சாயா போதும்."

போன தட்டு குறையாமல் அடுப்படிக்குத் திரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டதா என் வீட்டு வடை? வந்த ஆத்திரத்தில் ஒரு வடையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

பின்னாலேயே வந்து நின்றாள் செபமாலையம்மாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. என்ன ஆபரேசன்னு ஜிஸ்மி எங்ககிட்டச் சொல்லிட்டா. நீங்க வயித்தைக் காயப்போட்டு உக்காந்திருக்கையில உங்க முன்னால எப்படித் திங்கறது? நீங்க நல்லபடியா வர்ற வரைக்கும் எந்த வீட்டுலயும் பலகாரம் கிடையாதுன்னு பேசி வச்சிருக்கோம். முத்துப்பேச்சி உங்களுக்காக ராத்திரிச் சோறே விட்டுட்டா. நீங்க வெக்கப்படுவீங்கன்னுதான் தெரிஞ்சமாதிரி காட்டிக்கல."

நான் முதுகைக் காட்டியபடியே நின்றேன்.

"அழாதீங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

முன்னறையில் அத்தனை பேரும் மறுபடி முழங்காலில் இருந்தார்கள். முத்துப்பேச்சியும்தான்.

"செபமாலையில இன்னொரு பத்து மணி உருட்டறோம், உங்க ஆபரேசனுக்காக. நீங்களே ஆரம்பிங்கக்கா."

முப்பது பேரும் எனக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் மட்டும் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். வடை இன்னும் உள்ளே இருந்தது.