பொதுமக்களில் ஒருவர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பாக்கெட் சிப்ஸில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்ற, தேசத்தின் நாக்கையே நிர்ணயிக்கும் கேள்விக்கு அன்று மதியம் விடை கிடைக்க இருந்தது.

விடை முன்பே தயார். 'பழைய அளவே தொடரும்' என்று தட்டச்சு செய்து, உணவுப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் கையெழுத்தும் போட்டாயிற்று. முடிவு எடுக்கும் முன் பொதுமக்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால்தான் இந்தக் கூட்டம்.

உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன மருத்துவர்கள் திரையில் படம் படமாகக் காட்டினார்கள். தலைவர் கொட்டாவியை விழுங்கினார். உப்பு குறைந்தால் ருசி போகும், ருசி போனால் தொழிலே போகும் என்றார் சிப்ஸ் கம்பெனிக்காரர். தலைவர் சொந்த வீட்டு இழவுபோல் கேட்டுத் தலையாட்டினார்.

பொதுமக்கள் தரப்பில் யாராவது உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டுவிட்டுக் கோப்பை மூடப் போனார். கடைசி வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார்.

சுருக்கெழுத்தர் பெயரைக் கேட்டார்.

"பேரெல்லாம் எதுக்கு? பொதுமக்கள்னு போட்டுக்கோ," என்று தலைவர் வெட்டினார். அதிகாரம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பெண்மணி அசரவில்லை. தன் கணவருக்கு ரத்தக்கொதிப்பு என்றார். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர், இன்னொரு தடவை படுத்தால் எழுந்திருப்பாரா என்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். வீட்டில் உப்பில்லாமல் சமைத்துப் போட்டால், ஆபீஸில் உட்கார்ந்து சிப்ஸாகத் தின்று ஈடுகட்டுகிறாராம்.

"அதுக்கு உங்க வீட்டுக்காரரைக் கண்டிக்கணும்மா. சட்டத்தையா கண்டிக்கிறது?" என்றார் கம்பெனிக்காரர். சபை சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. பதவி அப்படி.

"கண்டிச்சேங்க. அரசாங்கம் அனுமதிச்ச அளவுதான் இதுல இருக்கு, கேக்க நீ யாருன்னாரு. அதான் அரசாங்கத்தையே பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

இவ்வளவு சட்டத்தை மதிக்கும் மகான் எந்த ஆபீஸில் இருக்கிறார், தெரிந்தால் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாமே என்று கம்பெனிக்காரர் விடாமல் கிண்டினார்.

பெண்மணி மேடையைப் பார்த்தார். "சொல்லட்டுங்களா ஐயா?"

சபையில் தனிநபர் விவரம் கேட்கக் கூடாது என்று தலைவர் அவசரமாக ஒரு விதியைச் சொன்னார். அப்படியொரு விதி இருப்பது அந்தக் குழுவுக்கே அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். மக்கள் குரலே மகேசன் குரல், ஆகவே சிப்ஸில் உப்பு பாதியாகக் குறைக்கப்படுகிறது என்று அறிவித்தார். மருத்துவர்கள் நம்ப முடியாமல் கைதட்டினார்கள். கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டம் கலைந்தது. சுருக்கெழுத்தருக்குப் புல்லரித்துப் போயிருந்தது. எத்தனையோ கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பார்த்தவர் அவர். கருத்தைக் கேட்ட கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

கருத்துச் சொன்னவருக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்பது நிஜமாகவே விதி. விலாசம் வாங்காமல் விட்டுவிட்டோமே என்று அவர் தலைவரிடம் வருந்தினார். அந்த அம்மா இன்னும் வாசலில்தான் நிற்கிறார், ஓடிப் போய்க் கேட்டு வரட்டுமா என்றார்.

தலைவர், தான் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்ப்பா, நானே சொல்லிக்கிறேன். ராத்திரி அவ கையாலதான் சாப்பிடணும்."