கொட்டகைக்குள் மட்டும்

காலை வெயில் வலை வழியே கோழிக் கொட்டகைக்குள் கட்டம் கட்டமாக விழுகிறது. வெள்ளை உடுப்புக்காரர்கள் செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளுகிறார்கள். கொக்கரிப்பே இல்லாத கொட்டகையில் மின்விசிறி மட்டும் இரைகிறது. 'கொட்டகைக்குள் மட்டும்' என்று அக்கா பெயின்டால் எழுதிவைத்த ரப்பர் பூட்ஸைக் கால்நடை டாக்டர் கவிழ்க்கிறார். அடியில் ஏரிச் சேறு. அதில் ஒரு காட்டு வாத்தின் இறகு. "இதுங்க எச்சத்துல நோய் இருக்கும்மா. சேத்தோட உள்ள வந்திருக்கு." அக்கா தம்பியைப் பார்க்கிறாள். "மீன் பிடிக்க இதையா மாட்டிட்டுப் போன?" "ரெண்டு தடவதான்க்கா." "எம்புள்ளையக்கூட நான் உள்ள விட்டதில்லடா." அவன் வாசலில் இருக்கும் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர்த் தட்டில் செருப்புக் காலை வைத்து, அவள் பழக்கியபடியே பத்து வரை எண்ணுகிறான்.