எழுபதாயிரம் கிலோமீட்டர்

"எழுபதாயிரம்தாங்க ஓடியிருக்கு. டாக்டர் வூட்டு வண்டி, ஆஸ்பத்திரியத் தவிர எங்கயும் போனதில்ல," என்று கூசாமல் சொன்னான் பழைய கார் விற்கும் கவியரசன். மீட்டரைக் குறைத்து வைத்ததே அவன்தான்.

"தெனமும் கள்ளக்குறிச்சியிலேருந்து சேலம் போய் வரணும். மலையில ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன்," என்றாள் வாங்க வந்த லிடியா.

"பாருங்க. வழியில நின்னுட்டா லேடீஸ் தனியா கஷ்டம். கம்மியா ஓடின டீசல் வண்டிதான் உங்களுக்கு லாயக்கு."

வெள்ளிமலை ஏற்றத்தில் அவளே வண்டியை ஓட்டினாள். வளைவுக்கு வளைவு இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த கவியரசனுக்கு வியர்த்துக் கொட்டியது. போன மாதம் இப்படித்தான் ஒருவர் மீட்டர் மோசடியைக் கண்டுபிடித்து, போலீசுக்கே போய்விட்டார்.

உச்சியில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"உண்மையச் சொல்லுங்க. எவ்ளோ ஓடியிருக்கு?"

"எம்புள்ள மேல சத்தியமா எழுபதுதாங்க!"

"மூணு வருஷம் முன்னாடியே ரெண்டு லட்சத்தத் தாண்டிடுச்சி."

"உங்களுக்கு எப்டிங்க..."

"அப்ப இந்த வண்டிக்கு டிரைவரே நான்தான். ஒரு நாள்கூட வழியில நின்னதில்ல. நம்பர் பிளேட்டப் பாத்துட்டுதான் ஓடியாந்தேன்."

தலையைக் குனிந்துகொண்டான் கவியரசன். "வேற வண்டி காட்டட்டுங்களா?"

"இன்னாத்துக்கு? அந்த ரெண்டு லட்சத்த நம்பித்தானே இத வாங்க வந்தேன்! அதப் போயி அழிச்சி வெச்சிருக்கீங்களே!"