மார்ச் மூன்றுக்குப் பிறகு

கனகரத்தினம் கணினிப் பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வழியில் இரண்டு சோதனைச்சாவடிகளில் விரிப்பை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று கண்ட பிறகுதான் விட்டார்களாம். மூடியில் ஒரேயொரு திருகாணிதான் மிச்சம்.

உட்துறைமுக வீதியில் கணினி திருத்தும் இக்னேசியசுக்கு அன்று யாருடைய முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்த மாதத்தில் இது நாலாவது பெட்டி. நாலும் ஒரே கதை. மகனைக் காணவில்லை, அவனுடைய படம் இதற்குள்தான் இருக்கிறது, இதுவோ வேலை செய்யவில்லை.

கனகரத்தினம் துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையை ஒழுங்காகவே சொன்னார். மகன் ஜெயரூபன் மார்ச் மூன்றாம் திகதி வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. நாலு மாதமாக இந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. தனக்கும் மனைவிக்கும் இதைப் போடக்கூடத் தெரியாது.

வீட்டில் வேறு படம் இல்லை. ஒரு சுற்றிவளைப்பின்போது மனைவி பயந்துபோய் அல்பங்களையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடப் படத்தில் மகனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பிறகு எந்தப் பக்கம் போனான் என்று யாருக்குத் தெரியும்?

குடும்ப அட்டையில் மூன்று பெயர். ஆமி வந்து தலை எண்ணும்போது இரண்டு பேர். மூன்றாவது ஆள் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் குடைகிறார்கள். காணாமல் போனதாகப் பொலிசில் முறைப்பாடு கொடுத்த துண்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். துண்டு கிடைக்க வேண்டுமென்றால் படம் வேண்டும்.

இக்னேசியஸ் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஹாட் டிஸ்க் அடிபட்டிருந்தது. சாமான்கள் எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கும் என்று அவருக்கு விளங்கப்படுத்தினான். எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு மட்டும் அழிந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். இதை இந்த மாதம் நாலாம் தடவையாகச் சொல்கிறான். சொல்லும்போதே வாய் உலர்ந்தது.

டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் பூட்டி, தேட விட்டான். அது ஆடி அசைந்து ஊர்ந்தது. நடுவில் ஒரு முறை கரண்ட் போனது. ஜெனரேற்றரை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கனகரத்தினம் கதிரையை விட்டு எழும்பவில்லை. வாங்கிக் கொடுத்த பிளேன்ரீயையும் குடிக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு டிஸ்க்கின் இரண்டு அறைகளும் அகப்பட்டன. குறிப்பைத் திரும்ப எழுதினான். படங்கள் வந்தன.

ஒரு கலியாண வீட்டில் வெள்ளைச் சேர்ட்டோடு ஜெயரூபன். சிரிப்பில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது.

மற்றவர்கள் என்றால் எல்லாப் படத்தையும் காட்டச் சொல்லித் திரையைத் தடவி அழுவார்கள். கனகரத்தினம் முதல் படத்திலேயே இது போதும் என்றார். பாவம், கந்தோர் மனிதர், அழக்கூடத் தெரியவில்லை என்று இக்னேசியஸ் நினைத்துக்கொண்டான். படத்தை அச்செடுத்துக் கொடுத்தான். நாலரைக்குக் கடைசி பஸ் என்று அவர் எழும்பினார்.

இக்னேசியசுக்கு ஒரு பழக்கம். மீட்டெடுத்தது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கி, ஆகக் கடைசியாகப் பதிந்ததைத் திறந்து பார்ப்பான். அது திறந்தால் மற்றதெல்லாம் சரியென்று எடுத்துக்கொள்ளலாம்.

திறந்தது. சதுரங்கப் பலகை. கணினியோடு ஆடி, பாதியில் நிறுத்திய ஆட்டம். வெள்ளை ராணி வெட்டுப்படப் போகும் இடத்தில் நின்றது.

திகதி, போன வெள்ளிக்கிழமை.

அதற்கு முதல் நாள் இரண்டு ஆட்டம். அதற்கு முதல் நாள் மூன்று. இக்னேசியஸ் கீழே கீழே போனான். ஜூன், மே, ஏப்ரல், எல்லாம் பகல் நேரம்.

பற்றரி செத்தால் கணினியின் திகதி பின்னுக்குத்தான் போகும். முன்னுக்குப் போகாது. இது அவனுக்கு நல்லாகத் தெரியும்.

இந்த மாதம் முழுக்க இக்னேசியசுக்குள் இல்லாத ஒரு சந்தோசம் திடீரென்று வந்தது. கூடவே பயமும் வந்தது. திரையை றோட்டுப் பக்கத்திலிருந்து திருப்பினான். குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, முறைப்பாடு குடுத்தா வீட்டை விசாரிக்க வருவாங்கள், இதையும் தூக்கிக்கொண்டு போவாங்கள். மார்ச் மூண்டுக்குப் பிறகு இதுக்குள்ளை ஒண்டும் இருக்கக் கூடாது."

கனகரத்தினம் திரையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். எழும்பியவர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

இக்னேசியஸ் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நூற்றுச் சொச்ச ஆட்டங்களையும் ஒன்றாகப் பிடித்து அழித்தான். மீட்க ஏலாதபடி அந்த இடத்தின் மேல் வெறும் பூச்சியங்களை எழுதவும் விட்டான். நாள் முழுக்கக் கஷ்டப்பட்டு எடுத்ததை அரை நிமிடத்தில் இல்லாமல் ஆக்கினான். கடைசியில் அந்தச் சதுரங்க விளையாட்டையே கழற்றிவிடுவது நல்லது என்று மௌஸை நகர்த்தினான்.

கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விளையாட்டை மட்டும் விட்டிடுங்கோ தம்பி. விடிஞ்சா இருளும் வரைக்கும் அவன் வீட்டுக்குள்ளை வாய் திறக்கேலாது."